58 கொப்பிகள்: நான்காம் குறுக்குத் தெருக் கடையொன்றின் நிகழ்வு ஆய்வு

நான் தொழிலால் கணக்காளன். கொழும்பில் சிறிய, நடுத்தர வியாபாரிகளின் கணக்குகளை முடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவைப்பது என் பிழைப்பு. ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரியாண்டின் விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போய்ச் சேர வேண்டும். எங்கள் ஆட்கள் நவம்பர் 25ஆம் திகதிவாக்கில் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார்கள். அதற்குள் பற்றுச்சீட்டு இருக்கும், வங்கிக் கூற்று இருக்கும், மகளின் பாடசாலைக் கட்டண ரசீது இருக்கும், ஒருமுறை பாதி தின்ற மாரி பிஸ்கட் பொதியும் இருந்தது. அந்த ஆண்டு இலாபமா நட்டமா என்பது கடைக்காரருக்கே நான் சொல்லித்தான் தெரியவரும். ஆண்டு முடிந்து எட்டு மாதம் கழித்து!

ஒரே ஒரு கடை விதிவிலக்கு. 2003இல் அந்தக் கணக்கு என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த முதலாளி என்னிடம் "எவ்வளவு இலாபம்?" என்று கேட்டதில்லை. தன்னுடைய எண்ணைச் சொல்வார். என்னுடையது அதற்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பார். தள்ளி இருந்தால் பெரும்பாலும் தவறு என்னுடையதாகவே இருக்கும்.

இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று 2022க்குப் பிறகுதான் தோன்றியது. அதே தெருவில், அதே சரக்கை விற்ற, இவரைவிடக் கெட்டிக்காரர்கள் சிலர் அந்த ஆண்டில் கடையை மூடினார்கள். இவர் மூடவில்லை. ஏன் என்று பார்க்கப்போனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அகப்படவில்லை, ஒரு கொப்பியைத் தவிர. முதலாளியின் அனுமதியோடு எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில குடும்ப விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

கடையும் ஆளும்

கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையை அறிந்தவர்களுக்கு அதன் தெருக்கள் ஒவ்வொன்றும் ஒரு சரக்கின் பெயர்தான். தங்கம் என்றால் செட்டியார் தெரு, இரும்புச் சாமான் என்றால் பழைய சோனகத் தெரு. பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், கருவாடு என்றால் நான்காம் குறுக்குத் தெருவும் அதைச் சுற்றிய பகுதியும். காலை ஏழு மணிக்கு லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துவிட்டால் அங்கே ஆளுக்கு ஆள் ஒதுங்க இடமிருக்காது. மூடை சுமக்கும் நாட்டாமிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போடும் சத்தத்தில் சிங்களமும் தமிழும் ஒன்றாகக் கலந்து மூன்றாவது மொழியொன்று பிறந்திருக்கும். இந்தக் கடை அந்தத் தெருவில் பெரியது அல்ல. முன்பக்கம் பன்னிரண்டு அடி இருக்கலாம். உள்ளே ஆழமாகப் போகும். மூடைகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பிள்ளையார் படம்.

முதலாளி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து 1972இல் பதினேழு வயதில் வந்தவர். இதே பகுதியில் ஒரு மொத்த வியாபாரியிடம் சிப்பந்தியாகச் சேர்ந்து, மூடை எண்ணி, தராசு பிடித்து, ஐந்தாறு ஆண்டுகளில் அங்கேயே கணக்குப்பிள்ளை ஆனார். 1983 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. பேரேடுகளும் சேர்ந்து எரிந்தன.

அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். அகதி முகாமில் பழைய முதலாளியும் இவரும் ஒரு மாவுப் பையின் காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று நினைவிலிருந்து எழுத முயன்றார்கள். பெயர்கள் வந்தன. தொகைகள் வரவில்லை. ஒருவர் கணக்கில் முதலாளி ஒன்று சொல்ல, கணக்குப்பிள்ளை வேறொன்று சொல்ல, கடைசியில் இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கடன்காரர்களில் சிலர் தாங்களாகவே தேடிவந்து கொடுத்தார்கள். சிலர் "அதை ஜூன் மாதமே தீர்த்துவிட்டேனே" என்றார்கள். இல்லை என்று சொல்ல இவர்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. பழைய முதலாளி ஊருக்குப் போனவர் மறுபடி வியாபாரத்துக்குத் திரும்பவில்லை.

1986 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு, இவர் வாடகைக்கு ஒரு சின்ன இடம் பிடித்துத் தன் பெயரில் கடை திறந்தார். முதல் நாளே ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, வாங்கினார். அன்றன்று மாலை அதில் எழுதி, பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனார். கடை எரிந்தாலும் கணக்கு எரியக்கூடாது. அவ்வளவுதான் நோக்கம்.

நல்ல வேளையாக அந்தக் கடை எரியவில்லை. 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சிதைந்தபோதும் இங்கே ஒரு தூசு விழவில்லை. ஆக, எந்தக் காரணத்துக்காக அவர் அந்தக் கொப்பியைத் தொடங்கினாரோ அந்தக் காரணத்துக்கு அது இந்த முப்பத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட உதவவில்லை. உதவியது வேறொன்றுக்கு. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு பக்கம்

200 பக்க சி.ஆர். கொப்பி. வேலை நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம். ஞாயிறு, போயா, பண்டிகை விடுமுறைகள் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 300 நாள், அதாவது ஒன்றரைக் கொப்பி. கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் இப்போது 58 கொப்பிகள் இருக்கின்றன. முதுகில் வெள்ளைக் காகிதம் ஒட்டி ஆண்டு எழுதியிருக்கிறது. 1991ஆம் ஆண்டுக் கொப்பியை மட்டும் கரையான் அரித்துவிட்டது. அதையும் எறியாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்.

பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, திகதி. அதன் கீழ் நான்கு வரி. பெட்டியிலும் வங்கியிலும் உள்ள காசு. வர வேண்டியது. கொடுக்க வேண்டியது. நான்காவது வரியில் ஆறு முக்கிய சரக்குகளின் மூடைக் கணக்கு; பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெரிய வெங்காயம். ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே சிவப்புப் பேனையால் ஒரு விலை. அது வாங்கிய விலையும் அல்ல, விற்ற விலையும் அல்ல. அந்த மூடையை இன்றைக்கு வாங்கப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்பது. அதைத் தெரிந்துகொள்ள அவர் தினமும் மத்தியானம் இரண்டு இறக்குமதியாளர்களுக்குத் தொலைபேசி எடுப்பார். வாங்கும் எண்ணம் இல்லாத நாளிலும் எடுப்பார். ஆரம்பத்தில் அவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கிறது. பின்னர் அந்தத் தொலைபேசி வராவிட்டால் "உடம்புக்கு முடியவில்லையா?" என்று அவர்களே விசாரிக்கும் நிலை வந்தது.

பக்க ஓரத்தில் துண்டு துண்டாகக் குறிப்புகள். 'வவுனியா – 45 நாள் கேட்கிறார்.' 'மிளகாய் ஈரம்.' 'மழை, இறக்க முடியவில்லை.' நான்காம் குறுக்குத் தெரு பின்திகதியிட்ட காசோலையில் ஓடும் தெரு. சரக்கை இன்று எடுத்து, முப்பது அல்லது நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதியிட்ட காசோலையைக் கொடுப்பார்கள். வாங்குபவர் எத்தனை நாள் கேட்கிறார் என்பதை இவர் ஓரத்தில் குறித்துவைப்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "நாடி பிடிக்கிற மாதிரி, தம்பி" என்றார்.

எழுதும் நேரம் கடிகாரத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்குவார்கள். அந்தக் கரகர சத்தம் கேட்டதும் கொப்பி வெளியே வரும். இன்னொரு வாடிக்கையாளர் குனிந்து உள்ளே வந்தாலும் "நாளைக்குக் காலையில்" என்றுதான் பதில். அதற்காகப் போன வியாபாரமும் உண்டு.

2011 என்று நினைக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கே இருந்தேன். விற்ற சரக்குக்கு வர வேண்டிய காசில் 180 ரூபாய் குறைந்தது. அந்தக் காலத்திலும் 180 ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கடைப் பையன்கள் மூவரும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் பற்றுச்சீட்டுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறார். எனக்கே பொறுமை போய்விட்டது. "ஐயா, நான் வேண்டுமானால் 180 ரூபாயைப் போட்டுவிடுகிறேன்" என்றேன். அவர் நிமிரவில்லை. நாற்பது நிமிடம் கழித்து விஷயம் வெளியே வந்தது. சீரக மூடையொன்றைப் பிரித்துச் சில்லறையாக விற்றபோது தராசு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு நாளாகவே அப்படி இருந்திருக்க வேண்டும். தராசைச் சரிசெய்ய மறுநாள் ஆள் வந்தான். ஆண்டு முடிவில் என்னிடம் வந்திருந்தால் இதை நான் 'சரக்கு இழப்பு' என்ற தலைப்பில் ஒரு தொகையாகப் போட்டு மூடியிருப்பேன். அந்தத் தலைப்புக்குள் எத்தனை கடைகளின் எத்தனை பழுதான தராசுகளை நான் புதைத்திருக்கிறேன் என்பது அன்றிரவு என் மனதில் கொஞ்சம் உறுத்தியது.

எழுதாத நாட்கள்

58 கொப்பிகளிலும் இடைவெளி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1998இல் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு கிழமைக்குப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. திகதி மட்டும் இருக்கிறது. பிறகு நினைவிலிருந்து நிரப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "நினைவிலிருந்து எழுதினால் அது கதை, தம்பி. கணக்கு அல்ல" என்றார். மாவுப் பைக் காகிதம் அவர் மனதில் இன்னும் கிடக்கிறது.

பழக்கங்களைப் பற்றிப் பேசுபவர்கள் '21 நாள் செய்தால் போதும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவு. எங்கள் முதலாளிக்கு இந்த ஆய்வைச் சொன்னேன். "254 நாள் எடுத்தவர் வெங்காய வியாபாரியாக இருப்பார்" என்று சிரித்தார். வெங்காயம் அழுகும், அந்தக் கணக்கை எழுத யாருக்கும் மனம் வராது.

இரும்புக் கதவின் சத்தத்தைச் சும்மா சொல்லவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்து கடை வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்தார், நேரம் ஏராளமாக இருந்தது, கொப்பியும் பக்கத்திலேயே இருந்தது. முதல் ஒன்பது நாள் எழுதவே இல்லை. "மறந்தே போய்விட்டது" என்று அவரே வியப்போடு சொன்னார். கதவு இறங்கவில்லை, கை எழவில்லை. பத்தாம் நாள் சாமி விளக்கு ஏற்றும் நேரத்தோடு அதைக் கொண்டுபோய் ஒட்டினார். விளக்கு வைத்ததும் கொப்பி. விற்பனை இல்லாத நாட்களில் என்ன எழுதினார் என்று பார்த்தேன். வர வேண்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து நலம் விசாரித்திருக்கிறார். பணம் கேட்கவில்லை. யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று மட்டும் குறித்திருக்கிறார்.

கணினி வந்த கதை

மூத்த மகன் படிப்பு முடித்து 2015இல் கடைக்கு வந்தான். நல்ல பிள்ளை, வேகமானவன். 2016இல் ஒரு கணினியும் கணக்கு மென்பொருளும் வந்தன. விற்கும்போதே பற்றுச்சீட்டு அச்சாகும், சரக்கு தானாகக் கழியும், ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய நிலைமை முழுதும் திரையில். நான்தான் பரிந்துரைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொப்பி நிறுத்தப்பட்டது.

ஏழு மாதம் கழித்து மலைநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் காசோலைகள் அடுத்தடுத்து மூன்று திரும்பின. தொகை பெரிது. கணினியில் அவர் கணக்கைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது. அவர் கேட்கும் நாட்கள் முப்பதிலிருந்து அறுபதாக நீண்டது, எடுக்கும் மூடைகள் கூடியது, கொடுக்கும் காசு குறைந்தது; எல்லாமே ஏழு மாதமாகத் திரைக்குப் பின்னால் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. எந்த நேரமும் பார்க்கலாம் என்பதால் எவரும் எந்த நேரமும் பார்க்கவில்லை.

மகன் குறுகிப்போனான். தகப்பன் ஏசவில்லை. மறுநாள் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். இப்போதைய ஏற்பாடு இப்படி இருக்கிறது: கணினி கணக்கு வைக்கும், கதவு பாதி இறங்கியதும் மகன் திரையைப் பார்த்து அந்த நான்கு வரியையும் கையால் கொப்பியில் எழுதுவான். திரையில் இருப்பதைத் திரும்ப எழுதுவது முட்டாள்தனம் என்று எனக்குத் தொழில் கற்பித்தவர்கள் சொல்வார்கள். ஓர் எண்ணைக் கையால் எழுதும்போது நேற்று எழுதியது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது போதுமான வித்தியாசமாகத் தெரிகிறது.

2022

இனி முக்கியமான ஆண்டுக்கு வருகிறேன்.

2021 ஒக்டோபர், நவம்பர் பக்கங்களின் ஓரங்களைப் பார்த்தால் ஒரே மாதிரியான குறிப்புகள். முப்பது நாள் கேட்டவர்கள் நாற்பத்தைந்து கேட்கிறார்கள், நாற்பத்தைந்து அறுபதாகிறது. வவுனியாவும் கேட்கிறது, மாத்தளையும் கேட்கிறது. சிவப்புப் பேனை விலைகளோ கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போகின்றன. முதலாளி பொருளியல் படித்தவர் அல்ல. நாட்டின் டொலர் கையிருப்பு பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை. இத்தனை பேருக்கு ஒரே காலத்தில் நாடி தளர்கிறதே என்பது மட்டும் தெரிந்தது. நவம்பர் நடுவில் ஒரு முடிவு எடுத்தார். பழைய காசோலை காசாகும்வரை புதிய மூடை இல்லை. பதினைந்து, இருபது ஆண்டு வாடிக்கையாளர்கள் இருவர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். வந்த காசில் தான் கொடுக்க வேண்டியதைக் குறைத்தார். டிசம்பர் கடைசிப் பக்கத்தில் 'கொடுக்க வேண்டியது' என்ற வரிக்கு எதிரே ஒரு சிறிய தொகைதான் இருக்கிறது.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. 203 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எங்கள் பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருவது. ஆகவே விலை எந்த வேகத்தில் ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டொலர் இல்லாமல் உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்திலேயே தேங்கின. மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று அறிவித்தார்கள்.

இப்படியான காலத்தில் மொத்த வியாபாரி எப்படி விழுகிறான் என்பதை விளங்கவைக்க ஓர் எளிய கணக்குப் போடுகிறேன். 12,000 ரூபாய்க்கு வாங்கிய மூடையை 12,600க்கு விற்கிறான். 600 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறான். அதே மூடை அன்றைக்கு 13,500. நூறு மூடை விற்ற காசை எடுத்துக்கொண்டு போனால் 93 மூடைதான் கிடைக்கும். புத்தகத்தில் இலாபம் ஏறுகிறது, களஞ்சியத்தில் மூடை குறைகிறது. அடுத்த சுற்றில் இன்னும் குறைகிறது. விற்ற காசு அறுபது நாள் காசோலையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த ஆண்டு என்னிடம் வந்த பல கணக்குகள் இப்படித்தான் இருந்தன. வரி கட்டும் அளவுக்கு இலாபம் இருந்தது. கடையில் சரக்கு இல்லை.

எங்கள் முதலாளி சிவப்புப் பேனை விலையை வைத்துத்தான் விற்றார். அதை எழுதத் தொடங்கி அப்போது முப்பத்தாறு ஆண்டு. விலையை ஈவிரக்கமில்லாமல் கூட்டிவிட்டார் என்று தெருவில் பேச்சு எழுந்தது. சில்லறைக் கடைக்காரர்கள் திட்டினார்கள். அது நியாயமான கோபம்தான், அவர்களுடைய வாடிக்கையாளர்கள் அரைக் கிலோ பருப்பை கால் கிலோவாகக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இறக்குமதியாளர்களிடம் சரக்கு அரிதாகி, யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் தெரிவுசெய்யும் நிலை வந்தபோது, கையில் காசோடு நின்றவர்களில் இவரும் ஒருவர். அதைவிட, இவர் வியாழக்கிழமை தருகிறேன் என்றால் வியாழக்கிழமை தந்தவர். ஒருநாள் தவறாமல் விலை கேட்டு எரிச்சலூட்டிய அந்தத் தொலைபேசி அழைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த இறக்குமதியாளர்களில் ஒருவரே என்னிடம் சொன்னார்.

2022 ஜூலை 9, சனிக்கிழமை. மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த நாள், நாட்டின் வரலாற்றில் எழுதப்படப்போகும் நாள். கொப்பியில் அந்தப் பக்கத்தை ஆவலோடு புரட்டினேன். பிள்ளையார் சுழி. திகதி. 'கடை திறக்கவில்லை. நேற்றையதே.' சிவப்புப் பேனை விலைகள் மட்டும் வழக்கம்போல இருந்தன. அன்றைக்கும் யாருக்கோ தொலைபேசி எடுத்திருக்கிறார்!

பக்கத்துக் கடை

கோபித்த வாடிக்கையாளர்கள் போனார்களே, அந்தக் கடைக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரும் என் வாடிக்கையாளர்தான். சோம்பேறி அல்ல, ஊதாரி அல்ல. எங்கள் முதலாளியைவிட வியாபார மூளை கூடியவர். 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் வடக்குக்கு முதல் லொறிகளை அனுப்பியவர்களில் ஒருவர். பத்தாண்டுக்குள் மூன்று களஞ்சியங்கள், ஐந்து லொறிகள். எல்லாம் வங்கிக் கடனில். 2022 தொடக்கத்தில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனின் சராசரி வட்டி ஒற்றை இலக்கத்தில் இருந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாகும் தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. ஆண்டு முடிவில் அந்தச் சராசரி 27 சதவீதத்தைத் தாண்டி நின்றது. சாதாரண வியாபாரிக்கு அதற்கும் மேல். டிசம்பரில் அவர் இரண்டு களஞ்சியங்களை விட்டுக்கொடுத்தார், அடுத்த ஆண்டு கடையையும்.

அவர் கொப்பி எழுதாததால் விழுந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வட்டி ஏறாமல் இருந்திருந்தால் இன்று நான் அவருடைய துணிச்சலைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். தினமும் கணக்கு எழுதியும் மூடிய கடைகள் என்னிடம் உண்டு. எங்கள் முதலாளியிடம் கடன் குறைவாக இருந்ததற்கு நல்ல பழக்கம் ஒரு காரணம், பயந்த சுபாவம் இன்னொரு காரணம். ஆனால் ஒரு வேறுபாட்டை நான் நேரில் பார்த்தேன். 2022 ஜூனில் பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் வந்து "என் நிலைமை என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான் பார்த்துச் சொல்ல ஐந்து கிழமை ஆனது. அந்த ஐந்து கிழமைக்குள் விலை மறுபடி ஏறிவிட்டது.

கொடுத்த விலை

கொப்பிக்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மகன் என்னை மன்னிக்க மாட்டான்.

2009க்குப் பிறகு வடக்கில் திறந்த சந்தையை எங்கள் முதலாளி தவறவிட்டார். ஊர் அவருடைய ஊர், ஆட்களும் தெரிந்தவர்கள். போகவில்லை. ஒவ்வொரு மாலையும் தன் கண்ணால் பார்த்து எழுத முடியாத கடை தனக்கு வேண்டாம் என்றார். கடை பெருக்காத கணக்கு என்ன கணக்கு என்று மகன் கேட்பான். அதில் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு அடி முன்பக்கம் இன்றும் பன்னிரண்டு அடிதான்.

வீட்டிலும் ஒரு பற்று நிற்கிறது. மகளின் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள் மாலை வேளைகளில் நடக்கும். ஒன்றுக்கும் அவர் போனதில்லை. மகளுக்கு இப்போது நாற்பது வயது. தகப்பனிடம் பிரியம்தான். ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். நான் இதை எழுதப்போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்கள், அதுவும் கணக்கில் வர வேண்டியதுதானே" என்றார்.

2024

2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. வரிக்குட்பட்ட விற்பனை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாய் இருந்தாலே பதிவுசெய்ய வேண்டும் என்றானது. அந்த எல்லை 2020 முதல் 2022 செப்டெம்பர் வரை 300 மில்லியனாகவும் அதன்பின் 80 மில்லியனாகவும் இருந்தது. 60 மில்லியனை 300 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 2 இலட்சம் ரூபாய் விற்பனை. புறக்கோட்டையில் அது ஒரு தொகையா? என் அலுவலக வாசலில் பழைய வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். "நான் அந்த எல்லைக்குள் வருகிறேனா?" என்பதே எல்லோருடைய கேள்வியும். எங்கள் கடையிலிருந்து மகன் வந்தான். நான்கு காலாண்டுக்கும் விற்பனை எழுதிய ஒரு காகிதத்தைக் கொடுத்தான், தேநீரைக் குடித்தான், போய்விட்டான். அவனைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

போன மாதம் இந்த ஆய்வுக்காக ஒரு பக்கத்தைப் படியெடுக்கக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு எழுபது வயது. கிழமைக்கு இரண்டு நாள்தான் வருகிறார். வந்தால் பிள்ளையார் படத்துக்குக் கீழே உள்ள கதிரையில் இருப்பார், வியாபாரத்தில் தலையிட மாட்டார். கதவு பாதி இறங்கியது. மகன் நான்கு வரியையும் எழுதிக் கொப்பியைத் தகப்பனிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மல்லி நேற்று முப்பத்தொன்று. இன்று இருபத்தாறு. விற்றது நான்குதானே?"

மகன் திரையைப் பார்த்தான். திரை இருபத்தேழு என்றது. உள்ளே போய் மூடைகளை எண்ணிக்கொண்டு வந்தான். இருபத்தேழு. "எழுதும்போது பிழைத்துவிட்டது அப்பா" என்று பேனையை எடுத்தான்.

"வெட்டாதே. பக்கத்தில் எழுது."

கடைப் பையன் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மற்றவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவர்களுடைய பஸ் போய்விட்டிருக்கும்.